பத்தாம் நாள் காய்ச்சல்

"ரெண்டு இங்கிலீசு புஸ்தகம் படிச்சுப்போட்டா ஒடம்பு என்ன பேசுதுன்னு வெளங்கீருமா புள்ள உனக்கு?"

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் நடைவழியில், பத்துப் பேர் கேட்க, மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். அம்மாவின் அண்ணன். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் கல்யாணமோ, காது குத்தோ, கிணறு வெட்டுவதோ, அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். அம்மாவின் மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த நாற்காலி காலியாகவே இல்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் ஒரு தாள். சற்று முன்புதான் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுப் பேசியிருந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா கதவோரம் நின்றார். டாக்டர் எங்கள் மூவரையும் விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துப் பேசினார். எங்களில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் மாமா ஒருவர்தான்.

"மொத்தம் எட்டு சைக்கிள். இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை. முதல் நாலுக்கு ஒரு மருந்து, அடுத்த நாலுக்கு வேற மருந்து. அப்புறம் ஆபரேஷன். நல்லாப் பாத்துக்குங்க. ஏதாவது பிரச்சனைன்னா கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். மூன்று நிமிடம் இருக்கும். வெளியே வந்ததும் நர்ஸ் நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம். மாமா அதை வாங்கி நாலாக மடித்து, சாம்பார் ஒழுகிக்கொண்டிருந்த தூக்குப்போசிக்கு அடியில் வைத்தார். நான் போசியைத் தூக்கிவிட்டுத் தாளை எடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. நான் திருச்செங்கோட்டில் உயிர்வேதியியல் படித்தேன். இப்போது நாமக்கல்லில் கோழித் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது நான். என் கையெழுத்தை நம்பித்தான் லாரி லாரியாகச் சோளம் இறங்குகிறது. கோழி சாப்பிடுவதைப் பற்றி நான் சொன்னால் கேட்கிறார்கள். என் அம்மாவின் உடம்புக்குள் இறங்கப்போவதைப் பற்றிச் சொன்னால் கேட்க ஆளில்லை.

அன்று நான் சாம்பார்க் கறை படிந்த தாளைத் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை மருந்து ஏற்றியது ஒரு திங்கட்கிழமை. முதலில் வாந்தி வராமலிருக்க ஊசி. பிறகு சிவப்பு மருந்து. ரோஜா சர்பத் நிறத்தில் இருந்தது. நர்ஸ் கூடவே நின்று நரம்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செலுத்தினார். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும் என்று தாளில் போட்டிருந்தது. நர்ஸ் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "கைய ஆட்டாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்து வெள்ளை மருந்து, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏஞ்சாமி, கையில போற மருந்து மார்ல இருக்கற கட்டிக்கு வழி கேட்டுக்கிட்டா போகும்?"

"ரத்தத்தோட ஒடம்பு முழுக்கப் போகும்மா. அப்பிடிப் போறப்ப கட்டிக்கும் போகும்."

"ஒடம்பு முழுக்கப் போனா, எது கட்டி, எது நானுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். அந்த வகுப்பில் ஒருவர்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத என் அம்மா கேட்டாள். மூன்று நிமிடம் பேசிய டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் அவரிடமே கேட்டிருப்பாள்.

"தெரியாதும்மா" என்றேன். "அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேகம்தான். எது வேகமாப் பெருகுதோ அத அடிக்கும். கட்டி வேகமாப் பெருகுது. ஆனா ஒடம்புல நல்லதுலயும் சிலது வேகமாப் பெருகும். மயிர்க்கால், வாய்க்குள்ள இருக்கற தோல், குடல், எலும்புக்குள்ள ரத்தம் ஊறற எடம். அதுகளும் அடி வாங்கும். நல்லது திரும்ப முளைச்சு எந்திரிச்சுக்கும். கட்டி எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த அடி. அதுக்குத்தான் இருபத்தோரு நாள்."

அம்மா கொஞ்ச நேரம் சொட்டு விழுவதைப் பார்த்தாள். "அப்ப நல்லதுக்கும் பொல்லாததுக்கும் ஓட்டப் பந்தயமா" என்றாள்.

அவளுக்குப் புரிந்தது. அப்பாவுக்குச் சொல்லும்போதுதான் தவறு செய்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவை உட்காரவைத்து விளக்கினேன். வெள்ளை அணுக்கள், நோய் எதிர்ப்புச் சக்தி, பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும், அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை. என் விளக்கம் எனக்கே பெருமையாக இருந்தது. ஆங்கிலத் தாளை நல்ல தமிழில் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். "செரி சாமி, செரி சாமி." பள்ளிக்கூடத்து வாத்தியார் கூப்பிட்டுப் பேசினால் அவர் எப்படித் தலையாட்டுவாரோ அப்படி. அந்தத் தலையாட்டலைப் பள்ளியில் படித்த பன்னிரண்டு வருடமும் பார்த்திருக்கிறேன். எதுவும் புரியாதபோது செய்வது அது. தெரிந்தும் அன்று நான் கவனிக்கவில்லை.

முதல் வாரம் போயிற்று. முதல் நாளே சிறுநீர் சிவப்பாக வந்தது. ரத்தம் என்று அம்மா அலறினாள். மருந்தின் நிறம்தான் என்று தாளில் இருந்ததைச் சொன்னேன். "சொல்லிப்போட்டுக் குடுத்திருந்தா நான் எதுக்குக் கத்தறேன்" என்றாள். இரண்டு நாள் வாந்தி. பிறகு வாயில் இரும்பு ருசி, எதைத் தின்றாலும் ஆணியைச் சப்புவதுபோல. அவளுக்கு வாசனைகள் மாறிப்போயின. கோழிப் பண்ணையில் முப்பது வருடம் முட்டை பொறுக்கியவள். பண்ணை நாற்றம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது அப்பா வேலை முடித்து வாசலில் செருப்பைக் கழற்றினாலே குமட்டினாள். புரதம் வேண்டும், முட்டை கொடுங்கள் என்று எழுதியிருந்தது. நன்றாக வேகவைத்து உரித்துக் கொடுத்தேன்.

"தூரமா கொண்டு போ. ஊருக்கெல்லாம் முட்டை பொறுக்கிக் குடுத்தேன். எனக்குன்னு ஒண்ணு வரப்போ இப்பிடி நாறுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததும் உதடு வெடித்தது. வாய்க்குள் கன்னத்து ஓரத்தில் வெள்ளையாக இரண்டு புண் வந்திருந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வராமல் இருப்பது பெரிய குற்றம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை இருபது வருடம் கழித்தும் ஒரு கல்யாணத்தில் சொல்லிக் காட்டுவார்கள். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டித்தான் எங்கள் வீடு. மாமா தலைமையில் இரண்டு வண்டி வந்து நின்றது. பதினெட்டுப் பேர். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டிப் பாக்கெட். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள். இருமிக்கொண்டே வந்த ஓர் அத்தை. பார்க்க வந்தால் தள்ளி நின்று பார்ப்பது எங்களில் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து அழ வேண்டும். அப்போதுதான் பார்த்ததாகக் கணக்கு.

நான் வாசலில் நின்று சொன்னேன். "மாமா, ஒருத்தர் ஒருத்தரா வாங்க. சளி இருக்கறவங்க வேண்டாம். கையக் கழுவிட்டுப் போங்க."

"இதென்ன புதுசா இருக்குது! ஊட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நிறுத்தறதா? ஏம்புள்ள, நாங்கென்ன பிச்சைக்கா வந்தோம்?"

இருமிய அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "படிச்ச புள்ளைக்கு நாம அழுக்காத் தெரியறோம் போல."

அந்த ஒரு வார்த்தை போதும். நான் வழிவிட்டேன். படித்ததால் தலைகனம் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே உண்டு. அந்தப் பயத்தில் பதினெட்டுப் பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். உள்ளே அத்தை அம்மாவின் கன்னத்தில் கன்னம் வைத்து அழுதுகொண்டிருந்தாள். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு வரும் கோபம், மற்ற எவர் மேலும் வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் என்னை ஆத்தூருக்கு அனுப்பினார்கள். கிடங்கு கிடங்காகப் போய்ச் சோள மாதிரி எடுத்து வரும் வேலை, இரண்டு நாள். புதன்கிழமை பத்தாம் நாள். மாலையில் வீட்டுக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார்.

"அம்மா எப்பிடி இருக்கறா?"

"இருக்கறா சாமி. சோந்து படுத்திருக்கறா. ரியாக்சன்தான். நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு."

"சாப்ட்டாளா?"

"வெல்லத் தண்ணி குடுத்தேன். குடிச்சா."

வைத்துவிட்டேன். காய்ச்சல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சோர்வு வரும் என்று தாளில் இருந்தது; சோர்வுதான் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா கையில் தெர்மாமீட்டர் இருந்தது. எண் படிக்கத் தெரிந்தவர். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று அவருக்குப் புரியும்படி நான் சொல்லியிருக்கவில்லை.

வியாழன் காலை ஆத்தூரிலிருந்து கிளம்பி, சேலத்தில் வண்டி மாறி, ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். நல்ல வெயில். அந்த வெயிலிலும் உள்ளறையில் பெரிய குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே, அம்மாவின் நெஞ்சுக்கு இரண்டடி உயரத்தில், கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தது. ஜன்னல்களைச் சாக்குப் போட்டு அடைத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே சொம்பில் வெல்லத் தண்ணீர்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. அப்பா பண்ணையில் குஞ்சுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர். பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சுகள் வந்து இறங்கும்போது முதலில் வெல்லத் தண்ணீர் வைப்பார்கள். மேலே பல்பு தொங்கவிட்டுச் சூடு கொடுப்பார்கள். காற்று வராமல் சாக்கு கட்டுவார்கள். தடுப்பு மருந்து போட்டால் குஞ்சுகள் இரண்டு நாள் இறக்கையைத் தொங்கப்போட்டுச் சோர்ந்து நிற்கும். அதற்குப் பெயர் ரியாக்சன். மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். யாரும் பயப்பட மாட்டார்கள். சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். புதன் மதியம் அம்மா நடுங்கத் தொடங்கியதும் அப்பா பண்ணைக்கு ஓடிப்போய்ப் பல்பு எடுத்து வந்திருக்கிறார். தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் மிக நல்லதை அவளுக்குச் செய்திருக்கிறார்.

அம்மாவின் கழுத்தைத் தொட்டேன். கை பொறுக்கவில்லை. தெர்மாமீட்டரில் நூற்று மூன்று.

"நேத்து எவ்வளவு இருந்துச்சுங்கப்பா?"

"நூத்தி ஒண்ணு காட்டுச்சு. மருந்து புடிச்சிருச்சு சாமி, அதான் மேலு சுடுது."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பல்பைப் பிடுங்கியதும், அது சுவரில் பட்டு உடைந்ததும் நினைவிருக்கிறது. சத்தம் கேட்டு, அப்போதுதான் காரில் வந்து இறங்கிய மாமா உள்ளே வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன். நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவ. மருந்தக் குத்திக் குத்திப் படுக்கையில தள்ளிப்போட்டீங்க."

"மாமா, திட்டறத கார்ல வெச்சுக்கலாம். இப்ப வண்டிய எடுங்க."

எடுத்தார். திட்டிக்கொண்டேதான் ஓட்டினார். சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோதும் திட்டுவதை நிறுத்தவில்லை. என் மடியில் தலை வைத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "அண்ணா, ரோட்டப் பாருங்க."

அவசரப் பிரிவில் நீண்ட வரிசை. டோக்கன் வாங்கச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. நேராக உள்ளே போய், கண்ணில் பட்ட முதல் டாக்டரிடம் சொன்னேன்: "கீமோ போட்டுப் பதினோரு நாள். நேத்து மத்தியானத்துல இருந்து காய்ச்சல். இப்ப நூத்தி மூணு."

அந்த இளம் பெண் டாக்டர் கையிலிருந்த பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். அந்த மூன்று வாக்கியம் போதும் என்று எனக்குத் தெரிந்தது சாம்பார்க் கறைத் தாளால்தான். சில நிமிடங்களில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கிருமிக்கொல்லி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். முடிவு வந்தபோது வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை என்ற நிலை. அவள் உடம்பில் காவலுக்கு ஆளே இல்லை. பதினெட்டுப் பேர் வந்து தொட்டுவிட்டுப் போன உடம்பு.

"இருபது மணி நேரமா என்ன செஞ்சீங்க?" டாக்டர் என்னைக் கேட்டார். "படிச்சவங்கதானே நீங்க?"

நான் பொறுத்திருக்கலாம். காப்பாற்றிக்கொண்டிருப்பவர் அவர். ஆனால் பொறுக்கவில்லை.

"நான் படிச்சவதாங்க டாக்டர். எங்கப்பா படிக்கல. எங்கம்மா படிக்கல. அம்மாகூட இருந்தது அப்பா. அவருக்கு நீங்கெல்லாம் என்ன சொன்னீங்க? மூணு நிமிஷம். அதுவும் வெள்ளைச் சட்டையப் பாத்து. கையில குடுத்தது இங்கிலீஷ் பேப்பர். இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல எத்தன பேருக்குங்க அதப் படிக்கத் தெரியும்?"

அவர் சொட்டு மருந்தின் வேகத்தைச் சரிபார்த்தார். பிறகு, "அந்தப் பேப்பர நான் எழுதல" என்றார். அதுவும் உண்மைதான். யாரும் எழுதவில்லை. யாரும் படிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கொடுக்கப்படுகிறது.

மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எலும்புக்குள் அணுக்கள் ஊறுவதற்கு வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். அம்மாவுக்கு இடுப்பும் முதுகும் விண்விண் என்று வலித்தது. அணுக்கள் ஊறுகிற வலி அது என்றேன். "ஊறட்டும், ஊறட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த வாரமே தலையணையில் முடி உதிரத் தொடங்கியது. அவள் அதற்கு அழவில்லை. சோற்றில் விழுகிறதே என்றுதான் எரிச்சல்பட்டாள். நர்ஸிடம் கத்தரிக்கோல் வாங்கி ஒட்ட வெட்டிவிட்டேன்.

அன்று மாமா வார்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை முடிந்து அப்பாவும் வந்திருந்தார்.

"மச்சான், நான் ஒரே பேச்சுத்தான் பேசுவேன். ஒரு எடத்துல போர் போடறோம். எறநூறு அடில பாறை, முன்னூறு அடில பாறை. பூமி வேண்டாங்குதுன்னு அர்த்தம். கம்பிய மேல ஏத்திட்டு வந்தரோணும். என்ற தங்கச்சி ஒடம்பு வேண்டாங்குது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பச்சிலை குடுக்கறாரு. ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னும் ஏழு தடவை இந்த நோவு இவ தாங்குவாளா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மாமாவை எதிர்த்துப் பேசியதே இல்லை. இதற்கும் தலையாட்டப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் ஆட்டிவிட்டால் முடிந்தது. நிறுத்திவிட்டால் ஓட்டப் பந்தயத்தில் கட்டி ஜெயித்துவிடும். நல்லது எழுந்திருக்கும், கட்டியும் எழுந்திருக்கும், அடுத்த அடி விழாது.

நான் அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்த முறை வெள்ளை அணுக்களைப் பற்றிப் பேசவில்லை.

"அப்பா, மருந்து போட்டுப் பத்து நாள் ஆச்சுன்னா அம்மா தடுப்பு மருந்து போட்ட குஞ்சு இல்லீங்க. எதுவுமே போடாத குஞ்சு. அப்பத்தான் பொரிச்சு வந்த ஒரு நாள் குஞ்சு. அஞ்சு நாளைக்கு அப்பிடித்தான் இருப்பா. அப்பறம் தேறிக்குவா. அந்த அஞ்சு நாளைக்குக் கொட்டகைக்குள்ள யார விடுவீங்க?"

அப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

"யாரையும் விட மாட்டேன். மொதலாளியே வந்தாலும் மருந்துத் தண்ணித் தொட்டில கால நனைச்சுட்டுத்தான் உள்ள வரோணும். வெளி லாரி வந்தா டயருக்கு மருந்து அடிப்பேன்." நிறுத்தினார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "நான் தெனமும் கொட்டகையில இருந்து அப்பிடியே வந்து இவ பக்கத்துல உக்காந்தேன், சாமி. கோழித் தூசியோட."



"இதே பேச்ச மொதல் நாளே சொல்றதுக்கு உனக்கென்ன கேடு?" என்று அப்பா என்னைக் கேட்டார். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. "என்னமோ அணு அணுன்னியே! குஞ்சுன்னு சொல்லியிருந்தா நான் ஊட்டு வாசல்லயே கட்டிலப் போட்டுக் காவல் காத்திருப்பனே!"

அவர் கேட்டது சரி. மாமா என்னைக் கேட்டபோது வந்த கோபம் இப்போது வரவில்லை. மாமா என் படிப்பைச் சந்தேகித்தார். அப்பா அந்தப் படிப்பைத் தனக்குத் தெரிந்த சொல்லில் கேட்டார், அவ்வளவுதான்.

மாமா விடவில்லை. "குஞ்சாவது கோழியாவது. இவ என்ன சொல்றான்னு கேளுங்க மொதல்ல."

அந்த அறையில் அதுவரை யாருமே அம்மாவைக் கேட்கவில்லை. நானும்தான்.

அம்மா வாய்ப்புண்ணோடு மெதுவாகப் பேசினாள். "அண்ணா, நீங்க எத்தன போர் போட்டிருப்பீங்க? ஒரு நாளாவது அடிக்கணக்குப் பேசி முடிச்சப்பறம், பாறை வந்துருச்சுன்னு முதல் நாளே கம்பியத் தூக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"அது வேற..."

"எட்டுன்னு பேசியாச்சு. எட்டும் போட்டு முடிக்கலாம். அப்பறம் தண்ணி வருதா புழுதி வருதான்னு பாத்துக்கலாம்." மூச்சு வாங்கினாள். "காய்ச்சல் என்னக் கொண்டு போயிருந்தா மருந்து மேல பழி சொல்லியிருப்பீங்க. அது மருந்து இல்லண்ணா. ஞாயித்துக்கெழம."

மாமா எழுந்து போய்விட்டார். இரண்டாவது தடவை மருந்து ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். அதற்கு அவர் வரவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு தாள் எழுதினேன். முதலில் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பாதியை எடுக்கச் சொன்னார். "எதிர்ப்புச் சக்திங்கற. சக்தின்னா எனக்குக் கோயில்தான் தோணுது." எடுத்தேன். "உடனடியாகங்கறத எடுத்துப்போடு. எங்களுக்கு உடனடியான்னா நாளைக்குக் காலைல." எடுத்துவிட்டு, 'தெர்மாமீட்டரில் நூறைத் தாண்டினால் சோறு வெந்துகொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று எழுதினேன். காய்ச்சல் மாத்திரை போட்டு மறைக்காதீர்கள் என்று எழுதினேன். உள்ளே போய் முதலில் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதினேன். சிறுநீர் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம் என்பது அம்மா சேர்க்கச் சொன்னது. அவளைப் பொறுத்தவரை அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். முதல் வரியாகவே வைத்தேன்.

ஐம்பது நகல் எடுத்து, மருந்து ஏற்றும் அறையின் தலைமை நர்ஸிடம் கொண்டுபோனேன். அனுமதி வேண்டும், மேலே கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்றேன். அதற்குள் அந்த இளம் டாக்டர் வந்து படித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் திருத்தினார். நூறு என்பதை நூறு புள்ளி நாலு என்று மாற்றினார். 'பல் துலக்க மிருதுவான பிரஷ்' என்று ஒரு வரி சேர்த்தார். நகல்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். திருத்தியதை மறுபடி நகல் எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது மருந்து ஏற்றிய அன்று மாலை அப்பா பண்ணையிலிருந்து ஒரு பழைய தகரப் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். குஞ்சுக் கொட்டகை வாசலில் தொங்குவது. சிவப்பு எழுத்தில் 'வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது'. அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பலகையை அவர் முப்பது வருடமாகப் படித்து வருகிறார். எங்கள் வீட்டுக் கேட்டில் கம்பி போட்டுக் கட்டினார். கால் தொட்டியும் வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இங்கே கைதான் முக்கியம் என்றேன். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். வேலை முடிந்து வந்தால் வாசல் குழாயடியிலேயே குளித்து, சட்டை மாற்றித்தான் உள்ளே வருகிறார்.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. வீட்டைக் கோழிப் பண்ணை ஆக்கிவிட்டாள் என்கிறார்கள். இருமிய அத்தை எங்கள் வாசலை இனி மிதிக்க மாட்டாளாம். நல்லது. நேற்று மாமா வந்தார். பலகையைப் பார்த்தார். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "எனக்குமா புள்ள?" என்று கேட்டார்.

"உங்களுக்கும்தானுங்க மாமா. பதினஞ்சாம் நாள் வாங்க. டீ போட்டுத் தாரேன்."

ஆரஞ்சுப் பையைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பழங்களைக் கழுவி, தோலுரித்து அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு சுளை தின்றாள். ஆணி ருசிதான் என்றாள், இன்னொன்று கேட்டாள்.

இன்று எட்டாம் நாள். பத்தாம் நாள் புதன்கிழமை வருகிறது. புதனிலிருந்து ஞாயிறு வரை ஐந்து நாளும், இனி வரப்போகும் ஆறு சுற்றுக்கும் அதே ஐந்து நாட்களும் எனக்கு விடுப்பு வேண்டும் என்று ஆய்வகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலையே கொடுத்துவிட்டேன்.